மட்டூனிலிருந்து பெரியப்பாவுக்கு

மட்டூன், இல்லினாய்
10 பெப்ரவரி 2008

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெரியம்மாவின் கால்வலி குறைந்திருக்கிறது என்று வாசித்ததும் ஆறுதலாக இருந்தது. நாங்கள் எல்லோரும் சுகம். குளிர்தான் கடுமை. ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் சோள வயல், இப்போது எல்லாம் பனி. கடல் இல்லாத ஊர் எனக்கு இன்னும் பழகவில்லை.

திருகோணமலைப் பக்கம் நம் சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் கட்டப்போவதாகக் கதைக்கிறார்கள், அமெரிக்காவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் இருக்கிற இந்தச் சின்ன ஊரிலும் இப்போது அதே கதைதான்.

2003 இல் ஜனாதிபதி புஷ் ‘ஃபியூச்சர்ஜென்’ என்றொரு திட்டத்தை அறிவித்தார். 275 மெகாவாட் நிலையம். நிலக்கரியை அப்படியே எரிக்காமல் வாயுவாக்கி, அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து மின்சாரம் எடுப்பார்கள். மிஞ்சும் கரியமில வாயுவை அமுக்கி, ஒரு மைலுக்கும் கீழே உப்புநீர் ஊறிய மணற்கல் பாறைக்குள் செலுத்துவார்கள். வருடத்துக்குக் குறைந்தது பத்து லட்சம் தொன். புகைபோக்கியால் அது வானத்துக்குப் போகாது என்பதுதான் நோக்கம்.

இதைத் தங்கள் மண்ணில் கட்ட வேண்டும் என்று ஏழு மாநிலங்கள் கேட்டன. கடைசியில் நான்கு இடங்கள் மிஞ்சின: டெக்சாஸில் இரண்டு, இல்லினாயில் மட்டூனும் பக்கத்திலுள்ள டஸ்கோலாவும். இல்லினாய்க்கு இதில் பெரிய ஆசை. இங்கத்தை நிலக்கரியில் கந்தகம் அதிகம். 1990 இல் காற்றுத் தூய்மைச் சட்டம் இறுகிய பிறகு அதை வாங்குவோர் குறைந்து, பல சுரங்கங்கள் மூடப்பட்டன. அந்த வேலைகள் திரும்பி வரும் என்று நம்பினார்கள். புதைத்த வாயுவுக்கு நாளை யார் பொறுப்பு என்பதுதான் பெரிய கேள்வி. அந்தப் பொறுப்பை மாநில அரசே ஏற்கும் என்று டெக்சாஸ் சட்டம் போட, இல்லினாயும் போட்டது.

பெரியப்பா, எனக்கு மனதில் நின்றது வேறொன்று. போன வருடம் நான்கு இடங்களிலும் மக்களைக் கூட்டி அவர்களின் கருத்தைக் கேட்டார்கள். கிணற்றுத் தண்ணீருக்கு என்ன ஆகும், வாயு கசிந்தால் என்ன செய்வது என்று விவசாயிகளே எழுந்து கேட்கலாம். சுற்றுச்சூழல் அறிக்கை வெளிவந்த பிறகுதான் இடத்தைத் தெரிவு செய்தார்கள்.

டிசம்பர் 18 ஆம் திகதி மட்டூன்தான் என்று அறிவித்ததும் ஊரே கொண்டாடியது. நான் வேலை செய்யும் கடையில் முகம் தெரியாதவர்கள்கூட என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஆனால் ஜனவரி முடியுமுன்பே மத்திய அரசு பின்வாங்கிவிட்டது. செலவு 180 கோடி டொலர்வரை ஏறிவிட்டது என்கிறார்கள். இத்தனை வருடம் உழைத்த ஊரை ஆறு கிழமைக்குள் கைவிட்டது அநியாயம். எனக்கே மனம் தாங்கவில்லை.

சரி, நம்முடைய கதைக்கு வருகிறேன். சம்பூருக்குச் சொல்வது 500 மெகாவாட், இந்திய அரசின் மின் நிறுவனமான என்டிபிசியும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து. அதில் வாயுவைப் புதைக்கும் பேச்சு ஒன்றும் என் காதில் விழவில்லை. சாதாரண நிலையமென்றால் சாம்பல் மலைபோல் குவியும். குளிரூட்டப் பாவித்த சூடான தண்ணீர் கொட்டியாரக் குடாவுக்குள்தான் போகும். மீனவர்களிடம் இதை யார் சொல்லியிருக்கிறார்கள்? 2006 இல் போருக்குப் பயந்து சம்பூரை விட்டு ஓடிய நம் சனம் இன்னும் கிளிவெட்டி முகாமில். அவர்களின் காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். ஊரில் ஆளே இல்லாதபோது யாரிடம் அபிப்பிராயம் கேட்பார்கள்? எனக்கு மின்சாரம் வேண்டாம் என்றில்லை, ஆனால் முதலில் சனம் தம் வீட்டுக்குத் திரும்பட்டும்.

உங்கள் காணி உறுதிப் பத்திரத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் திருகோணமலையில் சித்தியிடம் வையுங்கள். மற்றதை எனக்கு அனுப்புங்கள். முகாமில் இருக்கும் மற்றவர்களிடமும் சொல்லுங்கள். அதிகாரிகள் யாராவது வந்தால் சாம்பலையும் தண்ணீரையும் பற்றி எழுத்தில் பதில் கேளுங்கள்.

பெரியம்மாவுக்கு மருந்துக்குக் கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்