பெண்களின் உடலுக்குப் பொருந்தும் காப்புடை வேண்டி, தீயணைப்புத் துறைத் தலைமை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை அதிகாரிகளுக்கு,

வணக்கம். எனக்கு முதன்முதலில் வழங்கப்பட்ட கையுறையில் ஒவ்வொரு விரல் நுனியிலும் ஓர் அங்குலம் வெறுமையாகத் தொங்கியது. தீயின் அருகே நீர்க்குழாயின் இணைப்பைத் திருக முடியாமல் ஒருநாள் அதைக் கழற்றினேன். சில விநாடிகளிலேயே புறங்கை கொப்புளித்துவிட்டது. அறிக்கையில் அது 'கவனக்குறைவு' என்று பதிவானது. ஆண்களின் கையளவை மட்டும் வைத்து வாங்கியது யாருடைய கவனக்குறைவு என்று கேட்க அன்று எனக்குத் துணிவு வரவில்லை. இன்று கேட்கிறேன்.

உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2022ஆம் ஆண்டில், தீயணைப்புப் பணியையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் தொகுதியில் சேர்த்தது. புகைக்கரியின் நச்சுகள் மூச்சுவழி மட்டுமன்றித் தோல்வழியாகவும் உடலில் சேர்கின்றன. உடல் சூடேறி வியர்க்கும்போது தோல் அவற்றை இன்னும் எளிதாக உள்வாங்குகிறது. ஆகவே, தோளில் அகன்று, இடுப்பில் இறுகி, கழுத்திலும் மணிக்கட்டிலும் இடைவெளி விடும் காப்புடை வெறும் அசௌகரியம் அன்று. பணி முடித்துக் கழற்றும்போது கழுத்தைச் சுற்றி வளையமாகப் படிந்திருக்கும் கரியை நாங்கள் ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம். அதை உடனே கழுவிக்கொள்ள, தாழ்ப்பாள் உள்ள குளியலறைகூட இல்லாத நிலையங்களில் அந்தக் கரியோடுதான் வீடு திரும்புகிறோம். மூச்சுக்கருவியின் முகமூடியும் அப்படித்தான்: சிறிய முகத்தில் விளிம்பு ஒட்டாவிட்டால் புகை உள்ளே கசியும்.

கருவுற்றவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு நஞ்சுக்கொடி வழியே கருவை அடைகிறது. தாயின் இரத்தத்தைவிடக் கருவின் இரத்தம் அதை இறுகப் பற்றிக்கொள்கிறது. கடும் வெப்பத்தின் ஆபத்து மிகுந்திருக்கும் தொடக்க வாரங்களிலோ, கருவுற்றிருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்த பின்னும் வேலையும் பதவி உயர்வும் போய்விடுமோ என்ற அச்சத்தில் மறைத்துக்கொண்டு தீக்குள் செல்லும் நிலை எந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாது. ஊதியமும் பணிமூப்பும் குறையாமல் வேறு பணிக்கு மாறும் வழி எழுத்துப்பூர்வ விதியாக இருக்க வேண்டும். அந்தந்த அதிகாரியின் இரக்கத்தை நம்பியிருப்பதாக இருக்கக் கூடாது.

அடுத்த கொள்முதல் ஆணையில் கையெழுத்திடும் முன் எங்களை அழைத்து அளவெடுங்கள். மாதிரி உடையை அணிந்து ஏணி ஏறவும், முழந்தாளிட்டுத் தவழவும், குழாய் இணைப்பைத் திருகவும் எங்களிடமே கொடுத்துப் பாருங்கள். முகமூடியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பொருத்திச் சோதித்து, பொருந்தாதவருக்கு வேறு அளவு கிடைக்கும்வரை அவரைப் புகைக்குள் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
பணியில் இருக்கும் ஒரு தீயணைப்பு வீராங்கனை