ஞாயிறு பேச்சு: ஒரே பதினொருவரா, மாற்றமா?

நண்பர்களே, ஞாயிறு இரவு 8 மணிக்குக் குழு அழைப்பில் இதைத்தான் பேசப்போகிறோம்: கால்பந்து அணி ஒரே பதினொருவரையும் ஒரே அமைப்பையும் வைத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டும் என்பதே என் கட்சி. 2015-16இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை வென்ற லெஸ்டர் சிட்டியைப் பாருங்கள். பயிற்சியாளர் ரனியேரிக்குப் பெரும்பாலும் 4-4-2தான்: நான்கு தடுப்பாளர்கள், நான்கு நடுக்கள வீரர்கள், இரண்டு முன்கள வீரர்கள். நடுக்களத்தில் கான்டே பந்தைப் பறித்த நொடியே முன்கள வீரர் வார்டி ஓடத் தொடங்கிவிடுவார். பந்து எங்கே விழவேண்டும் என்பது இன்னொரு நடுக்கள வீரர் டிரிங்க்வாட்டருக்குத் தெரியும். வாராவாரம் ஆளை மாற்றினால் இந்தப் பழக்கம் எப்படி வரும்? ஐரோப்பியப் போட்டிகள் இல்லாததால் ஆட்டங்கள் குறைவாக இருந்ததும் அவர்களுக்கு உதவியது, சரி.

மறுபக்கம் பேசுபவர்கள் 2016-17 செல்சி அணியின் உதாரணத்தோடு வாருங்கள். ஆர்சனலிடம் 3-0 எனத் தோற்றபின் 3-4-3 அமைப்புக்கு மாறி, லீக்கில் தொடர்ந்து 13 ஆட்டங்களை வென்றார்கள். ஆனால் மாறிய பிறகு பயிற்சியாளர் கோன்டே அந்த அணியை அதிகம் கலைக்கவில்லை. அதற்கும் பதில் வேண்டும்.