பேடன் பவல்: பட்டம் கடைசியில் வந்தது

ஆசிரியருக்கு,

ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகே பேடன் பவல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கினார் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். வரிசை தலைகீழ். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களுடன் சோதனை முகாம் நடத்தியபோது அவர் ராணுவ அதிகாரிதான். ராணுவத்தை விட்டது 1910-இல்.

அந்த முகாமின் உயிர்நாடி அணிமுறை. வசதியான பள்ளிப் பிள்ளைகளையும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளையும் கலந்து 4 அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூத்த சிறுவன் தலைவன். இன்றும் ஓர் அணிக்கு 6 முதல் 8 பேர் போதும்; 10-ஐத் தாண்டினால் இரண்டு பேராவது வேடிக்கை பார்ப்பார்கள். சாரணர்களை வழிநடத்தும் பெரியவரான சாரண ஆசிரியர், வேலையை அணித் தலைவனிடம்தான் சொல்ல வேண்டும். அவனைத் தாண்டி நேரே மற்றவர்களை ஏவினால், தலைவன் பெயருக்குத்தான். பல சாரணர் படைகளில் (பல அணிகள் சேர்ந்த குழு) இதுதான் நடக்கிறது. மிஞ்சுவது சீருடையும் அணிவகுப்பும். (முடிச்சுப் போடத் தெரிந்தால் போதும் என்ற நினைப்பு வேறு!)

சாரண ஆசிரியர்களுக்கான ‘வுட் பேட்ஜ்’ பயிற்சி 1919-இல் லண்டன் அருகே கில்வெல் பார்க்கில் தொடங்கியது. முடித்தவருக்குத் தோல்வாரில் கோத்த 2 மரமணிகள். பேடன் பவலுக்கு ‘உலகத் தலைமைச் சாரணர்’ பட்டம் கிடைத்ததோ 1920-இல், லண்டன் ஒலிம்பியாவில் நடந்த முதல் உலக ஜம்போரியில், அதாவது சாரணர் பெருந்திரளில். கூடியிருந்த சாரணர்களே முழங்கி அளித்தது அது.

– சாரணர் பயிற்றுநர்கள் சிலர்