பொலோஞாவில் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

செப்டம்பர் கடைசியில் இத்தாலிக்குப் படிக்க வருபவர்களுக்குப் பாடம் கஷ்டமாகத் தெரிவது டிசம்பரில்தான். அதற்கு முந்தைய வாரங்களெல்லாம் காகிதத்தோடும் கவுன்ட்டரோடும் போய்விடும். அந்த நாட்களில் எங்களைக் கரைசேர்த்த உங்களில் பலருக்கு எங்கள் பெயர்கூடத் தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறோம். வெறுமனே நன்றி என்று சொல்லி நிறுத்தினால் நீங்கள் செய்த உதவியின் அருமை விளங்காது. நீங்கள் சொல்லிக்கொடுத்த விவரங்களையும் சேர்த்தே எழுதுகிறோம், அடுத்த செப்டம்பரில் வருபவர்களுக்கும் ஆகும்.

முதல் நன்றி, தபால் நிலைய ஊழியர்களுக்கு. இத்தாலிக்குள் வந்து எட்டு வேலை நாட்களுக்குள் தங்குவதற்கான அனுமதிக்கு, பெர்மெஸ்ஸோவுக்கு, விண்ணப்பித்தாக வேண்டும். போலீஸ் அலுவலகத்துக்கு நேரே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கான கிட் 'ஸ்போர்தெல்லோ அமீகோ' பலகை வைத்த தபால் நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும். உள்ளே இரண்டு படிவங்கள் இருக்கும். மாணவர்கள் நிரப்ப வேண்டியது முதல் படிவம் மட்டும். இரண்டாவது வேலை, வருமானம் உள்ளவர்களுக்கு. கறுப்பு மைப் பேனா, பெரிய எழுத்து, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. பாஸ்போர்ட்டில் விவரப் பக்கம், விசா, நுழைவு முத்திரை விழுந்த பக்கம் ஆகியவற்றின் நகல், தூதரகம் முத்திரையிட்டுத் தந்த சேர்க்கைக் கடிதம், மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு அல்லது உதவித்தொகைக் கடிதம் எல்லாவற்றையும் உறைக்குள் வைத்து, உறையை ஒட்டாமல் கொண்டுபோக வேண்டும். ஒட்டிக்கொண்டு போனால் கவுன்ட்டரில் பிரித்துத்தான் ஆக வேண்டும், அவர்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள்.

ஓராண்டு வரையிலான அனுமதிக்குச் செலவு மூன்று இடத்தில். 'டி' எழுத்துப் பலகை தொங்கும் தபாக்கி (புகையிலை) கடையில் 16 யூரோ வரி வில்லை (ஸ்டாம்ப்), கிட்டோடு வரும் செலான் மூலம் 70.46 யூரோ, கவுன்ட்டரில் 30 யூரோ, மொத்தம் 116.46. வில்லையை வீட்டிலேயே ஒட்டிவிடாமல் கையில் கொண்டுவரச் சொன்னீர்கள். அந்த எட்டு வேலை நாள் கணக்கில் அக்டோபர் 4-ஐச் சேர்க்கக் கூடாது, அன்று இந்நகரின் காவல் புனிதர் சான் பெத்ரோனியோவின் திருநாள், அலுவலகங்கள் மூடியிருக்கும் என்று எச்சரித்தவர்களும் நீங்கள்தான். கடைசியில் கிடைக்கும் ரசீதும், கைரேகை வைக்கும் தேதி அச்சிட்ட தாளும்தான் அட்டை வரும்வரை எல்லாவற்றுக்கும் சாட்சி. கைரேகைக்குப் போகும்போது நான்கு புகைப்படமும் அசல் ஆவணங்களும் வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் இருப்பவர்களே, நீங்கள் சொன்ன இரண்டு விஷயம் எத்தனையோ பேருடைய பணத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஒன்று, விசாக் காலம் முடிந்து ரசீது மட்டும் கையில் இருக்கும்போது ஊருக்குப் போய்வரலாம், ஆனால் ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ் போன்ற வேறு ஷெங்கன் நாட்டு விமான நிலையம் வழியாக மாறிப்போகக் கூடாது. விலை குறைவு என்று அந்த டிக்கெட்டை எடுப்பவர்கள் சென்னை விமான நிலையத்திலேயே நின்றுவிட நேரும். தோஹா, துபாய் வழி நேரே இத்தாலிக்கு வருவதே பாதுகாப்பு. இரண்டாவது, அரசு மருத்துவச் சேவையில் விருப்பப் பதிவு. மாணவர்களுக்கு 2023 வரை 149.77 யூரோவாக இருந்தது 2024-இலிருந்து 700 யூரோ. அந்தப் பதிவு ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் செல்லும். அக்டோபரில் கட்டினாலும் முழுத்தொகை, மூன்றே மாதப் பயன். ஆகவே டிசம்பர் வரை தனியார் காப்பீடு, ஜனவரியில் யோசித்து முடிவு என்றீர்கள். பழைய தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வரி அலுவலகத்தில் கொதிச்சே ஃபிஸ்காலே என்ற வரி எண்ணை எடுக்க வழிகாட்டியவர்களுக்குத் தமிழ்ப் பெயர்களின் சார்பில் தனி வணக்கம். பதினாறு எழுத்துள்ள இந்த எண் இல்லாமல் வீட்டு ஒப்பந்தம் போட முடியாது, சிம் அட்டை வாங்க முடியாது, வங்கிக் கணக்கும் கிடையாது. முதல் மூன்று எழுத்து குடும்பப் பெயரின் மெய்யெழுத்துகள், அடுத்த மூன்று சொந்தப் பெயருக்கு. பிறகு பிறந்த ஆண்டு, மாதத்துக்கு ஓர் எழுத்து, தேதி (பெண்களுக்கு அதோடு 40 கூட்டுவார்கள்), பிறந்த நாட்டுக் குறி, கடைசியில் சரிபார்ப்பு எழுத்து. இந்தியாவுக்கு இசட்222, இலங்கைக்கு இசட்209. சிக்கல் முதல் ஆறு எழுத்தில்தான். முருகன் என்பது குடும்பப் பெயர்க் கட்டத்தில் விழுந்தால் எம்-ஆர்-ஜி; சொந்தப் பெயரில் நான்கு மெய் இருந்தால் இரண்டாவதை விட்டுவிடுவது விதி, அதனால் அங்கே விழுந்தால் எம்-ஜி-என். அப்பா பெயரும் பிள்ளை பெயரும் ஓர் அலுவலகத்தில் ஒரு வரிசையிலும் இன்னோர் இடத்தில் மறுவரிசையிலும் பதிந்தால், ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். இனிஷியலை விரிக்காமல் பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்தவர்களுக்கும் இதே கதி. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுது என்று திரும்பத் திரும்பச் சொன்ன உங்கள் பொறுமைக்கு நன்றி.

உதவித்தொகை விண்ணப்பத்துக்கு ஈஸே என்ற குடும்பப் பொருளாதாரக் கணக்குப் போட்டுத் தந்த காஃப் என்ற வரி உதவி அலுவலகத்தாருக்கு என்ன சொல்வது! ஒரு குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் இத்தாலிய அளவுகோலில் நிறுத்துவது லேசான வேலை இல்லை. இவர்கள் கேட்பது இரண்டு ஆண்டுக்கு முந்தைய ஜனவரி-டிசம்பர் வருமானம். நம் ஊர் வருமான வரிக் கணக்கோ ஏப்ரல்-மார்ச். எந்த ஆண்டு என்று குறிக்காமல் 'ஆண்டு வருமானம் இவ்வளவு' என்று மட்டும் போட்ட தாசில்தார் சான்றிதழை வைத்துக்கொண்டு அவர்களால் எதுவும் செய்ய முடியாது. மாதச் சம்பளப் பட்டியல் இருந்தால் பன்னிரண்டு மாதத்தையும் பிரித்து எடுக்கலாம். வங்கி இருப்பு டிசம்பர் 31 தேதியில் எவ்வளவு என்று வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பொறி, வீட்டின் பரப்பு. வெளிநாட்டு வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு 500 யூரோ என்று மதிப்புப் போடுவார்கள். ஆயிரம் சதுர அடி வீடு ஏறத்தாழ 93 சதுர மீட்டர், மதிப்பு 46,500 யூரோ. சான்றிதழில் அலகு தெளிவாக இல்லாமல் ஆயிரம் என்ற எண் மட்டும் போய்ச் சேர்ந்தால் அதே வீடு ஐந்து லட்சம் யூரோ மாளிகை. உதவித்தொகை அங்கேயே கைவிட்டுப் போகும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சதுர மீட்டரில் எழுதி வாங்கி, வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்தில் முத்திரையும் இத்தாலிய மொழிபெயர்ப்பும் முடித்துவிடுவது நல்லது. இங்கே வந்தபின் அதைத் தபாலில் வரவழைக்க உட்கார்ந்தால் கெடு தாண்டிவிடும்.

வாடகைக்கு அறை தந்தவர்களில் நேர்மையானவர்களுக்கு மனமார்ந்த நன்றி. ஒப்பந்தத்தை 30 நாளுக்குள் வரி அலுவலகத்தில் பதிந்தீர்கள். வெளிநாட்டவருக்கு இடம் கொடுத்ததை 48 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தெரிவித்து அந்த நகலையும் கையில் தந்தீர்கள். பதியாத ஒப்பந்தம் மாதம் ஐம்பது யூரோ மலிவாகத் தெரியும். முகவரிச் சான்று கேட்கும் நாளில்தான் அதன் விலை புரியும். வீட்டைப் பார்க்குமுன் முன்பணம் கேட்கும் விளம்பரம் எதுவாக இருந்தாலும் மூடிவிட்டுப் போகலாம்.

சமையலறையில் நீங்கள் ஒட்டிவைத்த அந்தத் துண்டுச் சீட்டும் உதவிதான். இங்கே வீட்டு மின் இணைப்பு வழக்கமாக 3 கிலோவாட். பத்து சதவீதம் கூடுதலாக, 3.3 வரை மீட்டர் பொறுக்கும். மின்சார ஓவனும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடினாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும், வீடு முழுக்க இருண்டுவிடும். மீட்டர் பல கட்டடங்களில் தரைத்தளத்தில் இருப்பதால், இரவில் சாவியை மறந்து கீழே ஓடுபவர் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். நம் மிக்ஸிக்கு டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை, இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆனால் பிளக் சேராது. இத்தாலிய சாக்கெட்டில் மூன்று துளையும் ஒரே வரிசையில் இருக்கும், அதிலும் 10 ஆம்பியர் மெல்லியது, 16 ஆம்பியர் தடித்தது என்று இரண்டு அளவு. விமான நிலையத்தில் விற்கும் 'ஐரோப்பிய' அடாப்டர் பாதிச் சுவர்களில் நுழையாது. பக்கத்து இரும்புக்கடையில் சில யூரோவுக்குச் சரியானது கிடைக்கும்.

பொலோஞீனாப் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஈழத்து அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும்: புழுங்கலரிசி எந்தப் பொட்டலம், உளுந்து எந்தத் தட்டில் என்று காட்டியதோடு, அக்டோபர் குளிரில் மாவு புளிக்காது, ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க வையுங்கோ என்று சொல்லி அனுப்பினீர்கள். விளக்கின் சூடே போதும். ஓவனையே மூட்டினால் மாவு வெந்துவிடும்.

இனி ஊர் சுற்றக் கற்றுக்கொடுத்தவர்கள். ரயில் பரிசோதகர்களைத் திட்டாத மாணவர் இல்லை, ஆனால் வண்டி ஏறுமுன் பிளாட்பாரத்திலேயே நிறுத்தி விதியைச் சொன்னவர்களும் அவர்களில் உண்டு. ரெஜியோனாலே என்ற வட்டார ரயில் வண்டிக்கு வாங்கும் காகித டிக்கெட்டை ஏறுமுன் எந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். அதில் இருக்கை எண்ணோ வண்டி எண்ணோ கிடையாது என்பதால், குத்தாத டிக்கெட்டை மறுபடியும் பயன்படுத்தலாம் என்பதே அபராதத்துக்குக் காரணம். எந்திரம் பழுது என்றால் தேதி, நேரம், நிலையம் மூன்றையும் பேனாவால் எழுதிக்கொண்டு, ஏறியதும் பரிசோதகரைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும். அவர் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. செல்பேசியில் எடுத்த டிக்கெட்டுக்குச் செக்-இன் தனியாக உண்டு. இருக்கை எண் அச்சிட்ட அதிவேக வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பொலோஞா நிலையத்தில் 1-ஆம் பிளாட்பாரமும் '1 ஓவெஸ்த்' பிளாட்பாரமும் வேறு வேறு. மேற்குப் பக்கத்துக்கு நடக்கவே சில நிமிடம் ஆகும். 16 முதல் 19 வரை பூமிக்கு அடியில். வண்டிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்து சேர்பவர் அதிவேக வண்டியை விட்டுவிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம். பலகையில் நீங்கள் இறங்கும் ஊரைத் தேடக் கூடாது, கடைசி நிலையத்தின் பெயர்தான் இருக்கும். வண்டி எண்ணைப் பார்த்தால் குழப்பமில்லை.

அருங்காட்சியகங்களின் வாசலில் இருப்பவர்களுக்கும் நன்றி. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம், திங்கள் பெரும்பாலும் விடுமுறை. 18 முதல் 25 வயதினருக்கான 2 யூரோச் சீட்டு ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குத்தான், மாணவர் அட்டையை நீட்டினால் கிடைத்துவிடாது. பாதோவா நகரில் ஓவியர் ஜொத்தோ தீட்டிய ஸ்க்ரோவெஞி சிற்றாலயத்துக்கு முன்பதிவு இல்லாமல் போவது வீண். பார்வையாளர்களை முதலில் கால் மணி நேரம் ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைப்பார்கள். நம் உடலோடும் உடையோடும் வரும் ஈரமும் தூசும் ஓவியத்தைத் தின்னும் என்பதால், காற்றைச் சமப்படுத்தியபின்தான் உள்கதவு திறக்கும். கூட்டமாகத்தான் உள்ளே விடுவார்கள், தாமதமாக வந்தால் சீட்டு போனது போனதுதான். பொலோஞாவின் அசினெல்லி கோபுரத்தில் ஏறும் ஆசையோடு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: பக்கத்துக் கரிசெந்தா கோபுரத்தின் சாய்வு பற்றிய கவலையால் 2023 அக்டோபரில் மூடினார்கள். பழைய வழிகாட்டிகளை நம்ப வேண்டாம். மழை நாளென்றால் சரகோத்சா வாசலிலிருந்து சான் லூக்கா ஆலயம் வரை 666 வளைவுகளின் கீழேயே, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர், குடையில்லாமல் நடக்கலாம். கடைசிப் பாதி செங்குத்து.

ராவென்னா நகரில் ரோமப் பேரரசி கல்லா பிளாசிதியா பெயரிலான கல்லறை மண்டபத்தின் காவலர்களை மறக்க முடியாது. உள்ளே ஐந்து நிமிடம்தான் விடுகிறார்கள். ஜன்னலில் கண்ணாடி கிடையாது, தேன் நிறத்தில் அலபாஸ்தர் கல் தகடு. வெயிலிலிருந்து நுழைந்தவுடன் எதுவும் தெரியாது. பலரும் உடனே செல்பேசியை எடுத்துவிடுகிறார்கள், அதன் வெளிச்சத்தில் கண் பழகவே பழகாது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள் என்றார்கள். நின்றால் கருநீல விதானத்தில் பொன் விண்மீன்கள் ஒவ்வொன்றாகத் தெளியும். இயேசுவை நல்ல ஆயனாகக் காட்டும் மொசைக் நுழைந்த வாசலுக்கு மேலேயே இருக்கிறது. திரும்பிப் பார்க்காதவர்கள் அதைப் பார்க்காமலே வெளியே போய்விடுவார்கள். சீட்டு மற்ற ஆலயங்களுக்கும் சேர்த்துத்தான், ஆனால் இந்த மண்டபத்துக்கும் நெயோனியானோ திருமுழுக்கு மண்டபத்துக்கும் நேரம் குறித்து வாங்க வேண்டும். ஊருக்கு வெளியே கிளாஸ்ஸேயில் இருக்கும் பசிலிக்காவுக்குச் சீட்டு தனி.

கடைசியாக, மாந்தோவாப் பக்கத்துப் பேருந்து ஓட்டுநர்களுக்கு. வீரமாமுனிவர் 1680-இல் பிறந்த காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேவுக்கு ரயில் கிடையாது. மாந்தோவாவிலிருந்தோ தெசென்சானோ நிலையத்திலிருந்தோ பேருந்துதான், ஞாயிற்றுக்கிழமை அதுவும் சொற்பம். போகும்போதே திரும்பும் டிக்கெட்டையும் வாங்கச் சொன்னீர்கள். மதியத்துக்குமேல் அங்கே டிக்கெட் விற்கும் தபாக்கி கடை மூடியிருக்கும்.

இப்படிக்கு,
பொலோஞாவில் படிக்கும் தமிழ் மாணவர்கள்