பி-36இன் இறக்கையில் ஒட்டிய கேஜ்கள்

அன்புள்ள சேகர்,

பதில் எழுத ரொம்பத் தாமதமாகிவிட்டது, கோவித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு கோவையிலேயே வேலை கிடைத்துவிட்டது, பெரிய கவலை ஒன்று தீர்ந்தது.

கொஞ்ச நாளாக அமெரிக்கர்கள் பிகினி தீவில் நடத்திய குண்டுச் சோதனைகளைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். சுமை ஏறும்போது உலோகம் எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜை ஆயுசு முழுக்க விமான இறக்கைகளில் ஒட்டியவன் நீ, இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? ஹைட்ரஜன் குண்டைப் போட்டுவிட்டு அந்த விமானமே தப்பிக்குமா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அதனால் பி-36, பி-47 குண்டுவீச்சு விமானங்களின் இறக்கையிலும் வாலிலும் கேஜ்களை ஒட்டி, தகட்டின் சூட்டை அளக்க தெர்மோகப்பிள் வைத்து, ஆட்களையும் உள்ளே உட்காரவைத்து, வெடிப்புக்கு இத்தனை தூரத்தில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பறக்கவிட்டார்கள்.

முதலில் வருவது வெப்பம், ஒளியோடு ஒளியாக வந்துவிடும். அதிர்வலை விமானத்தைத் துரத்திக்கொண்டு அப்புறம்தான் வரும். வெப்பம் எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே விழுந்தாலும், இறக்கைக்குள் தாங்கி நிற்கும் சட்டமான ரிப்போடு ஒட்டியிருக்கும் தகடு தன் சூட்டை ரிப்புக்குக் கொடுத்துவிடுகிறது, இரண்டு ரிப்புகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தகடு மட்டும் தகித்து நெளியப் பார்க்கிறது. நிறமும் முக்கியம். பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் குண்டுவீச்சு விமானங்களுக்கு வெள்ளை அடித்ததோடு நிற்காமல், விமானப்படையின் வட்டச் சின்னத்தைக்கூட வெளிர் நிறமாக மாற்றினார்கள், அடர்ந்த வண்ணம் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால்.

என் மனசை விட்டுப் போகாதது 1954 மார்ச் 1ஆம் தேதி பிகினியில் வெடித்த பிராவோ என்ற ஹைட்ரஜன் குண்டுதான். சுமார் 6 மெகாடன் (ஒரு மெகாடன் என்றால் பத்து லட்சம் டன் டிஎன்டி வெடிமருந்தின் வலு) என்று எதிர்பார்த்தது 15 மெகாடனாக வெடித்தது. பெரிதாக எதுவும் செய்யாது என்று நினைத்த, குண்டின் எரிபொருளில் இருந்த லித்தியம்-7ம் வினையில் சேர்ந்துகொண்டதுதான் காரணம். அந்தக் கணக்கை நம்பித்தானே பி-36இல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்! விமானம் அடிபட்டது, ஆனாலும் திரும்பி வந்து சேர்ந்தது. கீழே ரோங்கெலாப் தீவு மக்களும் ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேரும் கதிரியக்கச் சாம்பலில் நனைந்தார்கள். அந்த மக்கள்மேல் விழப்போவதை முன்கூட்டி யோசிக்க, இறக்கையின் வளைவுக்குக் காட்டிய அக்கறையில் பாதியாவது காட்டியிருக்கலாம். எனக்கு ஆறவே இல்லை.

1956இல் செரோக்கி சோதனையில் பி-52 விமானம் குண்டையே இலக்கிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிப் போட்டுவிட்டது, விளைவுகளை அளக்க வைத்திருந்த ஏற்பாட்டில் பெரும்பகுதி வீண்.

சரி, ஒரு சந்தேகம். சில நொடிகளில் தகடு அப்படிச் சூடேறும்போது, சூட்டால் வந்த விரிவையும் சுமையால் வந்த விரிவையும் கேஜ் எப்படிப் பிரித்துக் காட்டும்? சுமை ஏறாத இடத்தில், ஒப்பிட மட்டும் டம்மி கேஜ் ஒன்றை வைத்தால் போதுமா? விவரமாக எழுது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு