ஆறு மணி பஸ் நின்றுபோச்சு

மாப்ளே செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவைக்கு வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றியதற்கு உன்னை நேரில் கவனித்துக்கொள்கிறேன். இப்போது விஷயம் வேறு.

நம்ம ஊருக்கு வரும் சாயங்காலம் ஆறு மணி டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். காலையில் ஒரு டிரிப், நாலரைக்கு ஒரு டிரிப், அவ்வளவுதான். அதை விட்டால் விலக்கில் இறங்கி நடராஜா சர்வீஸ். சுடுகாட்டுப் பக்கம் ஒரு ராத்திரி நீ போட்ட ஓட்டத்தை ஒச்சம்மா அக்கா இன்னமும் நடித்துக் காட்டுகிறார்.

கேட்டால் வசூல் இல்லை என்கிறார்கள். எப்படி இருக்கும்? 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசு கிடையாது. நம்ம ஊரில் ஏறுவதே முக்கால்வாசி பெண்கள். அந்தப் பணத்தை அரசு தனியாகக் கொடுத்துவிடுகிறது. ஆனாலும் கண்டக்டர் பையைத்தான் பார்க்கிறார்கள்.

எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா? பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் வந்தபோது, சமவெளியில் 500 பேருக்கு மேல் உள்ள குடியிருப்புக்குத்தான் ரோடு என்று விதி வைத்தார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கில் நாம் தட்டுத்தடுமாறித் தேறினோம், தார் ரோடு வந்தது. வந்த ரோட்டில் முதலில் என்ன நடந்தது? நீ ஓசூர் போனாய், பாதித் தெரு திருப்பூர் போனது. இப்போது ரோடு இருக்கிறது, ஏற ஆள் இல்லையாம். பஸ் இல்லாததால் இன்னும் நாலு குடும்பம் கிளம்பும். அப்புறம் காலை டிரிப்பும் எதற்கு என்பார்கள்.

2021இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு கொரோனாவில் தள்ளிப்போனதால், காகிதத்தில் நாம் இன்னும் 2011இல் இருக்கிறோம். நீயும் இருக்கிறாய், செத்துப்போன உன் தாத்தாவும் இருக்கிறார். அடுத்த கணக்குக்கு 2027 மார்ச் 1 என்று தேதி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வெளியூர்க்காரன் எல்லோரையும் குலசாமி கும்பிடுக்கு வரவழைக்கிற மாதிரி வரவழைத்துவிடலாம் என்று சித்தப்பா திட்டம் போடுகிறார். குடியிருக்கிற இடத்தில்தான் எண்ணுவார்கள் சித்தப்பா என்றால், "அப்போ செல்வம் ஓசூர்க்காரனா?" என்று என்னை முறைக்கிறார். நீயே பதில் சொல்லிக்கொள்.

சிரிப்பு கிடக்கட்டும். ஒச்சம்மா அக்கா பேத்தி உசிலம்பட்டியில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்திருக்கிறாள். கணக்கில் அவள் வாங்கியது நம் இரண்டு பேர் மார்க்கையும் கூட்டினால்கூட வராது. ஸ்பெஷல் கிளாஸ் ஐந்தரைக்குத்தான் விடுகிறார்கள். இருட்டில் தனியாக நடக்க விடுவதா, தினம் ஆட்டோவுக்குக் கொடுப்பதா? "படிச்சது போதும்" என்று அக்கா ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியாததா.

மே தின கிராம சபையில் தீர்மானம் போட்டோம். கையெழுத்து நிறைய விழுந்தது, பஸ் வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். 2025 ஜூனில் தொடங்கிய புது மினி பஸ் திட்டத்தில், பஸ் போகாத ஊர்களைச் சேர்த்து 25 கிலோமீட்டர் வரை வழித்தடம் கொடுக்கிறார்கள். உசிலம்பட்டியிலிருந்து நம்ம ஊர் அதில் பாதிகூட வராது. மினி பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும்தான், பெண்கள் முணுமுணுப்பார்கள். ஆட்டோவுக்கு அழுவதற்கு அது எவ்வளவோ மேல்.

உன் சகலை திருமங்கலத்தில் வண்டி ஓட்டுகிறாரே, அவரை இந்த வழித்தடத்துக்கு எழுதிப் போடச் சொல். காலையில் பூ மூட்டைகளும் ஏறும், அதற்கு லக்கேஜ் தனி என்று எடுத்துச் சொல். கல்யாணத்தில் பாயசத்துக்காக நீ அவரிடம் போட்ட சண்டையை அவர் மறந்திருந்தால் நல்லது. மறக்கவில்லை என்றால் நம்பரை எனக்கு அனுப்பு, நானே பேசிக்கொள்கிறேன். இந்த வாரத்துக்குள் சொல். அக்கா டி.சி. வாங்கப் போகிறேன் என்று நிற்கிறார்.

உன்,
முருகன்