கை அளவைச் சொல், அப்புறம் மவுஸ் பார்க்கலாம்

அன்புள்ள கயல்,

வாங்க நினைக்கிற மவுஸ்களைக் குறித்து நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. ஒவ்வொரு மவுஸுக்கும் நேரே டிபிஐ எவ்வளவு, பொத்தான் எத்தனை, விளக்கு என்ன நிறம் என்று எழுதியிருக்கிறாய். நீளம், அகலம், எடை எதற்குமே இல்லை. மவுஸ் பேட் என்ற பேச்சே இல்லை. கடைசியில் போகிற போக்கில், “ராத்திரி விளையாடி முடித்தால் மணிக்கட்டு கொஞ்சம் வலிக்கிறது” என்று ஒரு வரி. மற்றதெல்லாம் விட்டுவிட்டு அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வேலரன்ட் என்கிற உன் துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டு எனக்கு ஆட வராது. ஆனால் பகல் முழுக்க மவுஸைப் பிடித்துக் கட்டட வரைபடம் போடுகிறவள் நான். ஒரு கோட்டின் முனையைச் சரியாகப் பிடிப்பதும் நீ குறி வைப்பதும் கைக்கு ஏறக்குறைய ஒரே வேலைதான். அந்த உரிமையில் சொல்கிறேன்: நீ கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

முதலில் அந்த டிபிஐ. மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் அது கணினிக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பதுதான் அது, அவ்வளவே. துல்லியத்தின் அளவு இல்லை. உன் பட்டியலில் முதலில் இருக்கிற மவுஸுக்கு 26,000 என்று போட்டிருக்கிறாய். 1920 பிக்ஸல் அகலமான திரையில் அதை அப்படியே வைத்தால், இரண்டு மில்லிமீட்டர் அசைவதற்குள் அம்பு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். மூச்சு விட்டாலே குறி தவறும். 800 வைத்தால் அதே தூரத்துக்குக் கை ஆறு சென்டிமீட்டர் நகர வேண்டும். அதில்தான் கைக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. போட்டிகளில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் 400-இலிருந்து 1600-க்குள்தான் வைத்துக்கொள்கிறார்கள். கை அசைவைப் படிக்கிற சென்சார் நன்றாக இருக்கிற எந்த மவுஸும் இந்த எல்லைக்குள் பிழையில்லாமல் ஓடும். பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் 3360 என்ற சென்சார் வந்ததிலிருந்தே இது தீர்ந்துபோன பிரச்சினை. அதனால் அந்தப் பெரிய எண்ணுக்காகக் கூடுதலாக ஒரு காசும் கொடுக்காதே.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? உன் கையை. அடுத்தவர் காலுக்கு அளவெடுத்து நமக்குச் செருப்பு வாங்குவதில்லை, இல்லையா? இன்றைக்கே ஒரு ஸ்கேல் எடு. மணிக்கட்டின் ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளம், கட்டைவிரலை விட்டுவிட்டு நான்கு விரல்களின் அடியில் உள்ளங்கையின் அகலம், இரண்டையும் குறித்துக்கொள். உனக்கு என் கை, சின்னக் கை. பதினேழு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாகப் போகாது என்று நினைக்கிறேன். அந்தக் கைக்கு நீ குறித்திருக்கிற முதல் மவுஸ் 12.8 சென்டிமீட்டர் நீளம், நான் தேடிப் பார்த்தேன். பெரிய கைக்காரர் உள்ளங்கை முழுவதையும் அதன் மேல் சாய்த்து வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பெயர் பாம் கிரிப். நீ அப்படிப் பிடிக்கிறவள் இல்லை. விரல்களை மடக்கி, நுனியால் பொத்தானை அழுத்தி, உள்ளங்கையின் அடிப்பகுதியை மட்டும் மவுஸின் பின்புறம் ஒட்டுகிறாய். அது கிளா கிரிப். அப்படிப் பிடிக்கிறவளுக்கு 12 சென்டிமீட்டருக்குள் நீளமும், பின்பக்கம் கொஞ்சம் மேடும் இருக்கிற மவுஸ்தான் கைக்குள் நிற்கும். நீளம் கூடினால் பொத்தானை எட்டுவதற்காக விரலை நீட்டுவாய், கை முன்னால் நழுவும், மணிக்கட்டு பின்னோக்கி மடங்கும். உன் வலியில் பாதி அங்கேதான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

கடையில் மவுஸைக் கையில் எடுத்தால் பொத்தானைச் சொடுக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடாதே. சுண்டுவிரல் எங்கே போகிறது என்று பார். மவுஸின் பக்கவாட்டில் நிற்கிறதா, இல்லை கீழே விழுந்து மேசையில் உரசுகிறதா? பிறகு மவுஸை ஒரு விரற்கடை உயரம் தூக்கி, இடம் மாற்றி வை. நீ விளையாடும்போது ஓயாமல் செய்கிற அசைவு அது. தூக்குவதற்காகக் கட்டைவிரலும் மோதிரவிரலும் மவுஸை நசுக்க வேண்டியிருந்தால் அது உனக்கு ஆகாது. அப்படி நசுக்கும்போது பக்கத்துப் பொத்தான் தானாக அமுங்குகிற மவுஸும் உண்டு, அதையும் கவனி.

இங்கேதான் எடை வருகிறது. லாஜிடெக்கின் சூப்பர்லைட் என்ற ஒயர் இல்லாத மவுஸ் 2020-இல் 63 கிராமுக்கும் குறைவாக வந்தது. அதன் பிறகு ஒயர் இல்லாத மவுஸ் என்றால் கனமாகத்தான் இருக்கும் என்ற பேச்சு போய்விட்டது. 100 கிராம் மவுஸைப் பிடித்துப் பழகிய கைக்கு அறுபதைக் கொடுத்தால் முதல் சில நாள் குறி தாண்டித் தாண்டிப் போகும், அதற்காகத் திருப்பிக் கொடுத்துவிடாதே, கை பழகிக்கொள்ளும். உனக்கு 55-இலிருந்து 70 கிராமுக்குள் போதும். அதற்கும் கீழே ஒவ்வொரு கிராமாகத் தேடி அலைவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒயர் இல்லாததே வாங்கு, ஆனால் ப்ளூடூத்தில் விளையாடாதே, தாமதம் தெரியும். கூட வருகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரைக் கணினியின் பின்னால் செருகாமல், நீட்டு ஒயரில் மவுஸுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வை. மவுஸ் நொடிக்கு எத்தனை முறை கணினிக்குத் தகவல் அனுப்புகிறது என்பதுதான் போலிங் ரேட். அது 1000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு மில்லி நொடிக்கு ஒரு தகவல், உனக்கு அது போதும். 8000 ஹெர்ட்ஸ் பேட்டரியைத் தின்னும், கணினிக்கும் சுமை. விண்டோஸில் ‘பாயின்டர் பிரிசிஷன்’ என்று ஒரு டிக் இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதே. கையின் வேகத்துக்கு ஏற்ப அம்பின் தூரத்தை மாற்றுகிற ஏற்பாடு அது. ஒரே தூரம் நகர்த்தினாலும் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் போய் நிற்கும். அதை எடுத்துவிடு.

அடுத்து பேட். கையில் இருக்கிற காசில் ஒன்றுதான் முடியும் என்றால் முதலில் பேடை வாங்கு என்றே சொல்வேன். நீ வேலரன்டில் 800 டிபிஐ, சென்சிட்டிவிட்டி (கை அசைவுக்கு விளையாட்டில் பார்வை எவ்வளவு திரும்பும் என்கிற அளவு) 0.4 என்று எழுதியிருந்தாயே, கணக்குப் போட்டுப் பார்த்தேன். விளையாட்டில் முழுதாக ஒரு சுற்றுத் திரும்ப மவுஸ் 41 சென்டிமீட்டர் போக வேண்டும். பின்னால் வருகிறவனைப் பார்க்கத் திரும்பினாலே 20 சென்டிமீட்டர். நீ படத்தில் காட்டிய பேட் அகலமே இருபத்தைந்துதான் இருக்கும். நடுவில் மவுஸ் இருந்தால் எந்தப் பக்கமும் பன்னிரண்டுக்கு மேல் இடமில்லை. அதனால்தான் முழங்கையை அசையாமல் வைத்துக்கொண்டு மணிக்கட்டை மட்டும் திருகித் திருகி விளையாடுகிறாய். 45-க்கு 40 சென்டிமீட்டர் துணி பேட் போட்டுப் பார், பெரிய அசைவை முன்கை எடுத்துக்கொள்ளும், மணிக்கட்டுக்குக் கடைசி நூலளவுத் திருத்தம் மட்டும் மிஞ்சும்.

துணியில் வழுக்குவதும் உண்டு, பிடித்து நிறுத்துவதும் உண்டு. உன்னைப் போல் குறியில் நிறுத்திச் சுடுகிறவளுக்குக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிற துணியே நல்லது. கண்ணாடி பேட் அழகாக இருக்கிறது, வேகமும் அதிகம், ஆனால் நிறுத்துகிற வேலை முழுக்க உன் விரல் தலையில் விழும். வலி இருக்கிற கைக்கு அது வேண்டாம். ஓரம் தைத்ததாக இருக்கட்டும், அந்தத் தையல் மேலே துருத்திக்கொண்டு நிற்காமல் இருக்கட்டும், இல்லையென்றால் முன்கையை அறுக்கும். மணிக்கட்டுக்கு ஜெல் மேடு வைத்த பேடை யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதே. நரம்பு போகிற இடத்தையே அது அழுத்தும், கையையும் ஒரே இடத்தில் கட்டிப்போடும்.

வியர்வையும் தூசியும் ஏறினால் துணி பேட் நடுவில் மட்டும் இழுக்க ஆரம்பிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டுக் கையால் அலசி, நிழலில் நன்றாகக் காயவிட்டால் போதும். வாஷிங் மெஷினில் போட்டுவிடாதே, அடியில் இருக்கிற ரப்பர் பிரிந்துவிடும்.

இன்னொன்று. உன் கீபோர்டில் வலதுபக்கம் எண் பலகை இருக்கிறது. அதனால் மவுஸ் வலப்பக்கம் தள்ளிப்போய், தோளும் கூடவே விரிகிறது. விளையாடும்போது கீபோர்டைச் சாய்த்து இடதுபக்கம் நகர்த்திக்கொள். முழங்கை மேசை உயரத்தில் இருக்கும்படி நாற்காலியை ஏற்று. மேசையின் கூர்மையான விளிம்பில் மணிக்கட்டை ஊன்றாதே.

இதெல்லாம் வாங்குவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். வலி மட்டும்தானா, மரத்தும் போகிறதா? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இந்த மூன்றும் மரத்துப்போய் ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறது என்றால், எந்த மவுஸும் அதைச் சரி செய்யாது. நரம்பு அழுந்துகிறது என்பதற்கு அது அறிகுறி. அப்படியிருந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு இந்த வாரமே மருத்துவரிடம் போ. அவர் என்ன சொன்னார் என்று எழுது, கை அளவையும் சேர்த்து அனுப்பு. எதை வாங்குவது என்று இரண்டு பேருமாகப் பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா